நர்சிங் படிக்கப் போய் சாலிஞ்சரிடம் மாட்டிய கதை

நியூ ஜெர்சியில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து நர்சிங் படிக்கலாம் என்று யோசிக்கும் நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, உடற்கூறியல் ரொம்பக் கஷ்டமா என்றுதான். அதெல்லாம் சமாளித்துவிடலாம். மனப்பாடம் செய்தே வளர்ந்தவர்கள் நாம். என்னை ஒரு வருடம் பின்னால் தள்ளியது ஒரு நாவல். ஜே. டி. சாலிஞ்சர் எழுதி 1951 ஜூலையில் வெளிவந்த 'தி கேட்சர் இன் த ரை'. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க்கில் சுற்றுகிறான், அவ்வளவுதான் கதை. இதைப் படித்து முடிக்க எனக்கு ஆன செலவையும், பட்ட அவமானத்தையும், பிறகு அந்தப் புத்தகம் மெல்லப் பிடிபட்ட விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களுக்காவது உதவட்டும்.

நர்சிங்குக்கு எதற்கு நாவல் என்று கேட்பீர்கள். என்னிடம் ஊரில் வாங்கிய வேதியியல் இளங்கலைப் பட்டம் இருக்கிறது. எச்-4 என்ற துணைவர் விசாவில் வந்து, வேலை அனுமதி அட்டை கிடைத்த பிறகு, சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். அறிவியல் பாடங்களில் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். பகுதி இரண்டு ஆங்கிலத்தை மட்டும் ஏற்கவில்லை. அதனால் இங்கிலீஷ் காம்போசிஷன் ஒன்றும் இரண்டும் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஒன்றாவது வெறும் கட்டுரை எழுதும் பயிற்சி, ஒப்பேற்றிவிட்டேன். இரண்டாவது, இலக்கியத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றி எழுதும் வகுப்பு. எங்கள் பேராசிரியர் பாதி செமஸ்டரை இந்த ஒரே நாவலுக்கு ஒதுக்கியிருந்தார். வாராவாரம் ஒரு சின்ன க்விஸ், நடுவில் நாவலைப் பற்றி ஒரு பேப்பர், கடைசியில் எழுத்தாளரையும் நாவலையும் சேர்த்து ஓர் ஆய்வுப் பேப்பர்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளெப் என்று ஒரு தேர்வு இருக்கிறது, எஸ்.ஏ.டி. நடத்தும் அதே காலேஜ் போர்டு நடத்துவது. அதில் காம்போசிஷன் தேர்வும் உண்டு. கட்டணம் சுமார் 100 டாலர். பல கம்யூனிட்டி காலேஜ்கள் அதில் தேறினால் கிரெடிட் கொடுக்கும். எல்லா நர்சிங் துறைகளும் ஏற்பதில்லை. அதனால் அட்வைசரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், நர்சிங் துறைக்கே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு அட்வைசர் இப்படி ஒரு வழி இருப்பதையே சொல்லவில்லை. நானே தற்செயலாகத் தெரிந்துகொண்டபோது பாதி செமஸ்டர் ஓடிவிட்டது.

வகுப்பில் என்னைச் சுற்றி எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் உயர்நிலைப் பள்ளியிலேயே இந்த நாவலைப் படித்திருந்தார்கள். பேராசிரியர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். என் சிரிப்பு மட்டும் ஒரு நொடி தள்ளி வரும். வீட்டில் பெண் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறந்தால் நாலு பக்கம் தாண்டாது. பயத்தில் உதவி தேடினேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு டியூட்டரின் எண் கிடைத்தது. 'அமெரிக்க இலக்கியம் முழுக்க நடத்துவேன்' என்றார். மணிக்கு 60 டாலர், எட்டு மணி நேரத்துக்கு முன்பணம். 480 டாலரை ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பினேன். ஜெல்லில் நாமாக அனுப்பிய பணம் போனது போனதுதான், கடன் அட்டையில் கட்டியதைப் போல வங்கியிடம் முறையிட்டுத் திரும்ப வாங்க முடியாது. தனியார் டியூட்டருக்கு முன்பணமே வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நடத்தியதெல்லாம் ஏதோ சுருக்கக் குறிப்பிலிருந்து என்று எனக்கு க்விஸ் மதிப்பெண் வந்த பிறகுதான் தெரிந்தது. ஹோல்டன் ஒரு கலகக்காரன், பெரியவர்களின் போலித்தனத்தை எதிர்க்கிறான், இதுதான் நாவல் என்று எல்லா வகுப்பிலும் அதையே உருட்டினார். பேராசிரியர் கேட்டவையோ வேறு. வாள்வீச்சுக் குழுவின் பொருட்களை ஹோல்டன் எங்கே விட்டுவிட்டான்? இறந்த தம்பியின் பேஸ்பால் கையுறையில் இருந்த எழுத்துகள் என்ன நிற மை? ஹோல்டன் உள்ளே போகாமல் திரும்பிய அருங்காட்சியகம் எது, தங்கையைச் சந்தித்த அருங்காட்சியகம் எது? இந்தக் கடைசிக் கேள்வியில் வகுப்பில் பாதிப் பேர் விழுந்தார்கள். முதலாவது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பதினாறாம் அத்தியாயம். இரண்டாவது, பூங்காவுக்கு மறுபக்கம் ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் கலை அருங்காட்சியகம், இருபத்தைந்தாம் அத்தியாயம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் குறிப்புகள் எத்தனையோ இருக்கின்றன.

நடுப் பேப்பரில் டியூட்டர் சொன்னபடி, கதை முழுவதையும் ஹோல்டன் ஒரு மனநல மருத்துவமனையிலிருந்து சொல்கிறான் என்று எழுதினேன். 'எந்தப் பக்கம்?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி. உண்மையில் நாவலில் அப்படி ஒரு வரி கிடையாது. தான் உடம்பு கெட்டுப்போய் ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் இருப்பதாகச் சொல்கிறான், அங்கே ஒரு மனப்பகுப்பாய்வு மருத்துவர் இருக்கிறார், அவ்வளவுதான். சாலிஞ்சர் இந்த நாவலை நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் கிராமத்தில் ஒளிந்து வாழ்ந்தபடி எழுதினார் என்பதும் டியூட்டரின் உபயம். அவர் கார்னிஷுக்குக் குடிபோனது 1953இல், நாவல் வெளிவந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. அந்தப் பேப்பருக்கு 'டி' வந்தது. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஊரில் கல்லூரியில் எப்போதும் முதல் வகுப்பு வாங்கியவள் நான், இங்கே ஒரு பள்ளிப் பையன் கதையில் தோற்கிறேனே என்று அப்படி ஓர் ஆத்திரம்.

டியூட்டரிடம் மீதி மணி நேரங்களுக்குப் பணம் கேட்டேன். முதலில் ஊரில் இல்லை என்றார், அப்புறம் பதிலே இல்லை. வகுப்பிலிருந்து விலகினேன். இங்கே தேதிகள் முக்கியம். கட்டணம் முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் வகுப்பு தொடங்கும் முன்போ, ஆரம்ப நாட்களுக்குள்ளோ விலகவேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு கடைசித் தேதி வரும். அதற்குள் விலகினால் சான்றிதழில் 'டபிள்யூ' விழும். ஜிபிஏ குறையாது, பணமும் வராது. நிதியுதவி வாங்கிப் படிப்பவர்கள் கவனியுங்கள்: 'டபிள்யூ' வாங்கிய பாடமும் நீங்கள் எடுத்த பாடக் கணக்கில் சேரும், அதிகமானால் உதவி நிற்கும். எனக்குக் கட்டணமாகப் போனது சுமார் 650 டாலர். அதைவிடப் பெரிய இழப்பு, எங்கள் காலேஜில் நர்சிங் விண்ணப்பம் வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த ஒரு பாடத்தால் அந்த வருடம் போச்சு.

அடுத்த செமஸ்டர் அதே மாலை வகுப்பு, அதே பேராசிரியர். வேறு நேரம் எனக்குத் தோதுப்படவில்லை. இந்த முறை புத்தகத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று முடிவு. அச்சுப் புத்தகம் வாங்கினேன், பத்து டாலருக்குள்தான். இணையத்தில் கிடைக்கும் இலவசப் பிடிஎஃப்களை நம்பாதீர்கள். சாலிஞ்சர் இருந்தவரை மின்னூலுக்குச் சம்மதிக்கவில்லை. அவர் குடும்பத்தார் அனுமதித்து முறையான மின்னூல் வந்ததே 2019இல்தான். அதற்கு முன்பிருந்து சுற்றுபவை எல்லாம் திருட்டுப் பிரதிகள். நான் முதலில் வைத்திருந்த ஒன்றில் சாய்வெழுத்துகள் எல்லாம் நேராகியிருந்தன. இந்த நாவலில் அது பெரிய சேதம். ஹோல்டன் ஒரு சொல்லின் பாதியை மட்டும் அழுத்திச் சொல்வதைச் சாலிஞ்சர் சாய்வெழுத்தில் காட்டுவார். அதை எடுத்துவிட்டால் குரல் போய்விடும். இன்னொன்று, பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். குறிப்பெடுக்கும்போது அத்தியாய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

மௌனமாகப் படித்தபோது புரியாதது உரக்கப் படித்தபோது புரிந்தது. இது எழுதிய நாவல் மாதிரி இல்லை, எதிரே உட்கார்ந்து ஒருவன் பேசுகிற மாதிரி. சொன்னதையே சொல்வான், பொய் சொல்லிவிட்டுப் பொய் என்பான், முக்கியமானதைச் சொல்ல வரும்போது பேச்சை மாற்றுவான். கூடவே ஒரு பெரிய தாளில் நாள்வாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். மொத்தக் கதையும் சனிக்கிழமை பிற்பகல் தொடங்கித் திங்கட்கிழமை முடிகிறது. இருபத்தாறு அத்தியாயங்களில் முதல் பதினான்கு வெறும் சனிக்கிழமை. அந்த ஒரு நாளில் கால்பந்து ஆட்டம், பழைய ஆசிரியர் வீடு, அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டருடன் அடிதடி, ரயில், ஹோட்டல், மதுக்கூடம், பணம் பிடுங்கும் லிஃப்ட்காரன் எல்லாம். அந்தப் பையன் ஏன் இவ்வளவு களைத்துக் கிடக்கிறான் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் விளங்கியது.

ஆனாலும் ஹோல்டன் மேல் எனக்கு எரிச்சல்தான். பணக்கார வீட்டுப் பிள்ளை, அப்பா பெரிய வக்கீல், பாட்டி அனுப்பும் பிறந்தநாள் பணம் பையில். நாலு பாடத்தில் ஃபெயில். நம் வீடுகளில் இப்படி ஒருவன் வந்து நின்றால் என்ன நடக்கும்? இவனுக்கு என்ன குறை என்று புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தபோதுதான் அந்த எரிச்சல் ஆட்டம் கண்டது. ஸ்ட்ராட்லேட்டர் தன் வீட்டுப்பாடக் கட்டுரையை ஹோல்டனை எழுதச் சொல்கிறான், ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும் என்கிறான். ஹோல்டனுக்கு எதுவும் தோன்றவில்லை, தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். ஆடுகளத்தில் சும்மா நிற்கும்போது படிப்பதற்காக ஆலி அதன் மேல் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். ஆலி 1946 ஜூலை 18 அன்று ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அன்றிரவு ஹோல்டன் கார் கொட்டகையின் ஜன்னல்களை எல்லாம் கையாலேயே உடைத்தான். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. இதையெல்லாம் வீட்டுப்பாடத்துக்கு நடுவே, போகிற போக்கில், மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறான். கட்டுரையைப் பார்த்த ஸ்ட்ராட்லேட்டர் கத்துகிறான், இவன் அதைக் கிழித்துப் போடுகிறான்.

இங்கே பிடித்த நூலை விடாமல் போனேன். ஆலி வரும் இடங்களில் எல்லாம் ஒரு பென்சில் கோடு. பதினான்காம் அத்தியாயத்தில் மனம் நொந்து தனியறையில் இருக்கும்போது செத்த தம்பியிடம் வாய்விட்டுப் பேசுகிறான். இருபதாம் அத்தியாயத்தில், கல்லறையில் மழை வந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாம் காருக்கு ஓடினார்கள், ஆலி மட்டும் ஓட முடியவில்லை என்று நினைக்கிறான். உனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல் என்று தங்கை ஃபீபி கேட்கும்போது அவனுக்கு வருவது ஆலியின் பெயர். இருபத்தைந்தில் ஒவ்வொரு தெருமுனையைக் கடக்கும்போதும், என்னை மறைந்துபோக விட்டுவிடாதே என்று ஆலியிடம் கெஞ்சுகிறான். இந்த இடங்களை மட்டும் வரிசையாகப் படித்தால் கலகக்காரன் எங்கே இருக்கிறான்? துக்கம் கேட்க ஆளில்லாத ஒரு பையன்தான் இருக்கிறான். ஆலியின் அடக்கத்துக்குக்கூட அவன் போகவில்லை, கைக்காயத்தோடு மருத்துவமனையில் இருந்தான். இந்த முறை நடுப் பேப்பரை இதை வைத்தே எழுதினேன், வேறு ஒருவரையும் மேற்கோள் காட்டவில்லை. 'பி பிளஸ்' வந்தது.

அடுத்து எழுத்தாளர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், ஹோல்டன்தான் சாலிஞ்சர் என்று முடிவுகட்டிவிட்டு எழுதுவார்கள். ஆதாரமும் கிடைக்கும். சாலிஞ்சர் 1919 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். மான்ஹாட்டனில் மெக்பர்னி என்ற பள்ளியில் சரியாகப் படிக்காமல் வெளியேறி, பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் ராணுவப் பள்ளியில் சேர்ந்து 1936இல் முடித்தவர். ஹோல்டனின் பள்ளியும் பென்சில்வேனியா, அவன் குழு வாள்வீச்சுப் போட்டிக்குப் போவதும் மெக்பர்னி பள்ளிக்கு. 1953இல் கார்னிஷ் பக்கம் பள்ளி மாணவி ஒருத்தி உள்ளூர்ப் பத்திரிகைக்காகக் கேட்டபோது, தன் பிள்ளைப் பருவமும் அந்தப் பையனுடையதைப் போலத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு போதுமே என்று தோன்றும். ஆனால் சாலிஞ்சருக்குத் தம்பியே கிடையாது. கூடப் பிறந்தவர் டோரிஸ் என்ற அக்கா ஒருவர்தான். அப்படியானால் நாவலின் நடுவில் கிடக்கும் அந்தச் சாவு எங்கிருந்து வந்தது?

எனக்குக் கிடைத்த பதில் இரண்டாம் உலகப் போர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய நாலாவது காலாட்படைப் பிரிவில் சாலிஞ்சர் இருந்தார், எதிர் உளவுப் பணியில். பிறகு ஹியூர்ட்கன் காடு, பல்ஜ் சண்டை, கடைசியில் டாஹாவ் என்ற நாஜி வதைமுகாமின் துணை முகாம்களில் ஒன்று. 1945இல் மனம் நொறுங்கி நியூரம்பர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தார். இந்தக் காலமெல்லாம் ஹோல்டனைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். இங்கே ஒரு தகவல் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. 1944இலும் 1945இலும் பத்திரிகைகளில் வந்த அவருடைய சில சிறுகதைகளில் ஹோல்டன் கால்ஃபீல்ட் போரில் காணாமல் போன சிப்பாய். அண்ணன் வின்சென்ட்தான் அவனை நினைத்து உருகுகிறான். அதாவது நாவல் வருவதற்கு ஆறு வருடம் முன்பே ஹோல்டன் போர்க்களத்தில் தொலைந்துவிட்டான். நாவலில் எழுத்தாளர் அவனைப் பள்ளிப் பையனாகத் திரும்பக் கூட்டிவந்தார்.

இதை வைத்து எழுதப்போகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவருடைய அறைக்கு, ஆஃபீஸ் நேரத்தில். முந்தின செமஸ்டரில் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் திட்டு விழும் என்று பழகிய உடம்பு. இங்கே அந்த நேரம் நம் கட்டணத்தில் சேர்ந்தது, போகாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றவர் அவர்தான். சாலிஞ்சரின் முதல் கதையை 1940இல் வெளியிட்ட 'ஸ்டோரி' பத்திரிகையின் தாள்கள் அங்கே இருக்கின்றன. அதன் பத்திரிகையாசிரியர் விட் பர்னெட் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாலிஞ்சருக்கு வகுப்பெடுத்தவர். அச்சுக்கு வராத 'தி ஓஷன் ஃபுல் ஆஃப் பௌலிங் பால்ஸ்' என்ற கதையின் தட்டச்சுப் பிரதியும் அதில் உண்டு. அங்கே மாணவராக இருக்க வேண்டியதில்லை, அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்தால் போதும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பையை லாக்கரில் வைக்க வேண்டும், பென்சில் மட்டும் அனுமதி, நகல் எடுக்க முடியாது, பக்கத்தில் ஆள் இருப்பார். 2013இல் இந்தக் கதை திருட்டுத்தனமாக இணையத்தில் கசிந்தது, அந்தப் பிரதியைப் பேப்பரில் மேற்கோள் காட்டினால் ஏற்கமாட்டார்கள். காரில் போகாதீர்கள், பிரின்ஸ்டனில் பார்க்கிங் பணத்தை விழுங்கும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால் 'டிங்கி' என்று செல்லமாக அழைக்கப்படும் குட்டி ரயில் பல்கலைக்கழகத்து வாசலில் விடும். அந்தக் கதையில் சாகும் தம்பியின் பெயர் கென்னத். சொல்பவன் அண்ணன் வின்சென்ட், எழுத்தாளன். படித்துவிட்டு வெளியே வந்தபோது என் பேப்பர் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாவலிலும் ஒரு அண்ணன் இருக்கிறான், யாரும் கவனிப்பதில்லை. டி. பி., ஹாலிவுட்டில் சினிமாவுக்கு எழுதுபவன். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரே பத்தியில் வருகிறது: நாலு வருடம் ராணுவத்தில் இருந்தான், நார்மண்டியில் இறங்கியவன், விடுப்பில் வந்தால் கட்டிலிலேயே படுத்துக்கிடப்பான். சிறுகதை எழுத்தாளன், போரிலிருந்து திரும்பியவன், தம்பியைப் பறிகொடுத்தவன். சாலிஞ்சரின் வாழ்க்கை போய்ச் சேர்ந்த இடம் ஹோல்டன் இல்லை, டி. பி.தான் என்பது என் கட்சி. ஆரம்பக் கதைகளில் அண்ணன் பேசினான், தம்பி தொலைந்தான். நாவலில் அண்ணனை ஹாலிவுட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம்பியைப் பேசவிட்டார்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். சாலிஞ்சருக்கு வேதாந்தத்தில் ஈடுபாடு உண்டு. நியூயார்க்கின் ராமகிருஷ்ண விவேகானந்த மையத்து நிகிலானந்தரோடு பழக்கம். 1942இல் நிகிலானந்தர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ராமகிருஷ்ணரின் உபதேச மொழிகளை விரும்பிப் படித்தவர். இதைப் பார்த்ததும் நமக்குக் கை துறுதுறுக்கும், ஹோல்டனின் விரக்தியை வைராக்கியம் என்று எழுதிவிடுவோம். என் வகுப்பில் ஒரு குஜராத்திப் பெண் அப்படித்தான் எழுதினாள், 'நாவலில் எங்கே?' என்று திரும்பி வந்தது. அந்த ஈடுபாடு தெளிவாகத் தெரிவது பிறகு வந்த கதைகளில், 1953இல் வந்த 'டெடி' போன்றவற்றில். இந்த நாவலில் கீழைத் தத்துவம் என்ற பேச்சு வருவது பத்தொன்பதாம் அத்தியாயத்தில், கார்ல் லூஸ் என்ற அலட்டல்காரன் வாயில். ஹோல்டன் அவனைக் கேலி செய்கிறான். வேதாந்தம்தான் எழுதுவேன் என்றால் அந்தக் கேலியை விளக்கிவிட்டு எழுதுங்கள்.

வாழ்க்கை வரலாறுகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. இயன் ஹாமில்டன் என்பவர் சாலிஞ்சரின் கடிதங்களை மேற்கோள் காட்டி எழுதியபோது சாலிஞ்சர் வழக்குப் போட்டார். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, ஹாமில்டன் திருத்தி எழுதித்தான் அடுத்த வருடம் வெளியிட முடிந்தது. 1965க்குப் பிறகு சாலிஞ்சர் எதையும் வெளியிடவில்லை, 2010இல் இறந்தார். இடைப்பட்ட நாற்பத்தைந்து வருடத்து மௌனத்தில் எவ்வளவோ கட்டுக்கதைகள் முளைத்திருக்கின்றன. ஒரு தகவல் இரண்டு இடங்களில் கிடைக்காவிட்டால் நான் எழுதவில்லை. இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள், காலேஜ் நூலகத்தில் கேட்டால் வேறு நூலகத்திலிருந்து இலவசமாகவே வரவழைத்துக் கொடுப்பார்கள். கட்டுரைத் தளங்களும் மாணவர் கணக்கில் திறக்கும். பேப்பரைத் திருத்த ரைட்டிங் சென்டர் என்று ஒன்று பெரும்பாலான காலேஜ்களில் உண்டு, அதுவும் இலவசம். நான் 480 டாலர் கொடுத்துத் தேடியது மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

ஒரு சனிக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கும் போனேன். ஹோல்டன் வந்திறங்கிய பென் ஸ்டேஷன் இன்று இல்லை, அந்தப் பிரமாண்டக் கட்டடத்தை 1963இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது இருப்பது நிலத்தடிச் சந்துகள்தான். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நியூ ஜெர்சிக்காரர்கள் விருப்பப்பட்டதைக் கொடுத்து உள்ளே போகலாம். கலை அருங்காட்சியகத்தில் அந்தச் சலுகைக்கு நியூ ஜெர்சி மாணவர் அட்டை வேண்டும், கம்யூனிட்டி காலேஜ் அட்டையே போதும். சென்ட்ரல் பார்க்கில் ஃபீபி சுற்றிய குடைராட்டினமும் பழையது இல்லை. அது 1950இல் எரிந்துபோக, கோனி ஐலண்டில் இருந்த இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் பெண் ஏறிச் சுற்றினாள். பேப்பருக்கு இந்தப் பயணத்தால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் பூங்காவின் இரண்டு பக்கமும் நடந்த பிறகு அருங்காட்சியகங்கள் எனக்குக் குழம்பியதே இல்லை.

கடைசிப் பேப்பரின் வரைவைக் கொடுத்தபோது பேராசிரியர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். போர் டி. பி.யின் பங்கு என்றால், அதே பத்தி முடிவதற்குள், இன்னொரு போர் வந்தால் அணுகுண்டின் மேலேயே ஏறி உட்காருவேன், நானாகவே முன்வருவேன் என்று ஹோல்டன் ஏன் சொல்கிறான்? அதற்குப் பதில் எழுதத்தான் இருப்பதிலேயே அதிக நேரம் ஆனது. போரைப் பார்த்த அண்ணன் பேசாமல் படுத்துக்கிடக்கிறான், அதைப் பார்த்து வளர்ந்த தம்பி, திரும்பி வந்து அப்படிக் கிடப்பதைவிட முதல் நொடியிலேயே போய்விடலாம் என்கிறான், ஆகவே அந்த வரியும் டி. பி.யைப் பற்றியதுதான் என்று எழுதினேன். 'ஏ மைனஸ்' கொடுத்தார். எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் சொன்னதற்கெல்லாம் அத்தியாயம் காட்டியிருக்கிறீர்கள் என்று அடியில் குறிப்பு. அவர் ஹோல்டன் கட்சி. நான் இன்னும் டி. பி. கட்சிதான்.